ஓயுனுக்கு எல்லாமே பிடித்துவிட்டது

பிர்னோ,
மே 14, 2009

அன்புள்ள ஓயுனுக்கு,

நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். முழங்கால் வலி. மூன்று நாளாக மழை. மாடிவீட்டுக்காரன் ஞாயிறு முழுக்க அக்கார்டியன் வாசிக்கிறான், அதுவும் ஒரே பாட்டை, அதுவும் தப்பாக. இத்தனையையும் தாண்டி உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மலைக்காற்று ஒத்துக்கொள்கிறதா? என் தம்பி விலேம் உன்னை ஒழுங்காக வைத்திருக்கிறானா?

உங்கள் கல்யாணச் சாப்பாட்டில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, "பிடிக்கும், பிடிக்கும்" என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது. வாத்து வறுவல் பிடிக்கும், மேஜைவிரிப்பு பிடிக்கும், என்னையும் பிடிக்கும்! செக் மொழியில் அப்படி ஒரே கரண்டியால் எல்லாவற்றையும் அள்ள முடியாது, பெண்ணே. நாக்குக்குப் பிடித்ததற்கு ஒரு சொல். கண்ணுக்குப் பிடித்ததற்கு வேறு சொல். செய்யச் செய்ய அலுக்காத வேலைக்கு ஒன்று, நெஞ்சில் வைத்துக்கொண்டவர்களுக்கு ஒன்று. மனம் குளிர்ந்துபோனால் "செம் ராடா" என்பாய். வெளிநாட்டாருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். ஜனவரியில் உனக்கு மொழித் தேர்வு. அதில் தேறினால்தான் இந்த நாட்டில் நிலையாக இருக்க முடியும் என்பது உனக்கே தெரியும்.

போனில் பாடம் வேண்டாம். போனில் நீ பாதியைச் சிரித்தே ஒப்பேற்றிவிடுகிறாய். கையால் எழுதித் தபாலில் அனுப்பு. ஒவ்வொரு கடிதத்திலும் நாக்கு, கண், கை, மனம் நான்குக்கும் பிடித்ததை எழுது. கூடவே மூன்று குறையும் எழுத வேண்டும். சிரிக்காதே. எங்கள் ஊரில் "எப்படி இருக்கே?" என்றால் "ஏதோ ஓடுது" என்பதுதான் மரியாதை. "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று சொல்கிறவளை ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒன்று அவள் புதிதாக வந்தவள், இல்லை எதையோ மறைக்கிறவள்.

பூனை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. பொய்தான்.

அன்புடன்,
லிபுஷே


யெட்லினா,
மே 30

அன்புள்ள லிபுஷே அண்ணிக்கு,

நலமா? வசந்தம் உங்களுக்கு இனிதாகக் கழிகிறதா? உங்கள் ஆடுமாடுகள் கொழுத்திருக்கின்றனவா? மங்கோலியாவில் நாங்கள் இப்படித்தான் கேட்போம். உங்களிடம் பூனை மட்டும் இருக்கிறது. பூனை கொழுத்திருக்கிறதா?

எங்கள் ஊரில் யார் கேட்டாலும் முதலில் "நலம்" என்றுதான் சொல்வோம். முந்தின நாள் ஓநாய் வந்து பாதி மந்தையைக் கொண்டுபோயிருந்தாலும் "நலம்" என்போம். தேநீர் குடித்த பிறகுதான் ஓநாயைப் பற்றிப் பேசுவோம். அதனால் குறை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் பாடம் பாடம்தான்.

நாக்கு: கசகசா வைத்த பன் ருசிக்கிறது. கண்: வீட்டின் பச்சை ஜன்னல்கள் அழகு. கை: தைப்பது பிடிக்கும். கார் தொழிற்சாலையில் சீட் உறை தைத்தபோது பிடிக்கவில்லை. வேலை போன பிறகு, இங்கே எனக்காகத் தைக்கும்போது பிடிக்கிறது. மனம்: நீங்கள் எழுதியதில் எனக்குச் சந்தோஷம். செம் ராடா.

குறை ஒன்று: இங்கே வானம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம். யார் வருகிறார் என்று தெரியவே தெரியாது. குறை இரண்டு: காளான். வாயில் வழுக்குகிறது. விலேமுக்குத் தினமும் வேண்டும். எங்கள் ஆட்கள் அதைச் சாப்பிடமாட்டார்கள். குறை மூன்று: விலேம் வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார். "காட்டுப்பக்கம் வீடு, உன் நல்லதுக்குத்தான்" என்கிறார். சாவி ஒன்றுதான் இருக்கிறதாம்.

செருப்பு அலமாரியில் ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு இருக்கிறது. எனக்குச் சின்னது. உள்ளே "ராட்கா" என்று எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டு யார்மிலாவைக் கேட்டேன். அவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அவளும் ஒன்ன மாதிரி சிரிச்ச மொகம்தான். எனக்கெதுக்கும்மா ஊர் வம்பு?" என்று உள்ளே போய்விட்டார். ராட்கா யார், அண்ணி?

உங்கள் முழங்கால் நலம் பெற வேண்டும்.

ஓயுன்


பிர்னோ,
ஜூன் 16

அன்புள்ள ஓயுனுக்கு,

பூனை கொழுத்திருக்கிறது. நானும்தான். முழங்கால் அப்படியே. அக்கார்டியன்காரன் இப்போது இரண்டாவது பாட்டு கற்றுக்கொள்கிறான், தெய்வம்தான் காப்பாற்ற வேண்டும்.

உன் கடிதம் சிவப்பு மையோடு இத்துடன் வருகிறது. பதினோரு தப்புகள். ஆனால் வானம் இல்லை என்ற குறை இருக்கிறதே, அதை வகுப்பில் படித்துக்காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். குறைசொல்வதில் நீ பிறவிச் செக் நாட்டுக்காரி. காளான் பிடிக்காது என்று மட்டும் யார்மிலா காதில் விழும்படி சொல்லிவிடாதே. அந்த ஊரில் கடவுள் இல்லை என்றுகூடச் சொல்லலாம், காளான் பிடிக்காது என்று சொல்லக் கூடாது. விலேமுக்குக் காட்டில் ஒரு இடம் தெரியும். அப்பா சாகும்போது அவன் காதில் மட்டும் சொன்ன இடம். கூடப்பிறந்த எனக்கே இன்றுவரை சொன்னதில்லை.

அவன் அப்பாவைப் போல. எதையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறவன். சாவியை இன்னொன்று செய்துகொள்ளச் சொல். நான் பிறந்து வளர்ந்த வீடு அது, எத்தனையோ சாவிகள் இருந்தன.

வெயில் வந்துவிட்டது, தலையில் துணி கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போ. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
லிபுஷே


யெட்லினா,
ஆகஸ்ட் 23

அன்புள்ள லிபுஷே அண்ணிக்கு,

நலமா? கோடை இனிதாகக் கழிகிறதா? பூனை கொழுத்திருக்கிறதா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். தபால்தலை விலேமிடம் இருந்தது.

நாக்கு: தோட்டத்துச் செர்ரி ருசியாக இருந்தது. கண்: காட்டில் பாசி அழகாக இருக்கிறது. கை: செர்ரி ஜாம் காய்ச்சுவது பிடித்திருந்தது.

மனம்: விலேம் என்னைக் காளான் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உங்களுக்கே சொல்லாத இடம். போகும் வழியில் என் கண்ணைத் துணியால் கட்டினார். விளையாட்டுக்குத்தான். அங்கே போனதும், "இங்கயே நில்லு. நான் வர்ற வரைக்கும் நகராதே" என்றார். நான் நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு மேட்டில் ஏறினால் போதும், வீடு தெரியும். இங்கே ஏறினாலும் மரம்தான். வெயில் போனது. மான் ஒன்று வந்து பார்த்தது. இருட்டும் நேரத்தில் அவர் வந்தார். நான் அதே இடத்தில் நின்றதைப் பார்த்து அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "பாத்தியா, ஒனக்குச் சொன்னா புரியுது. அவளுக்குப் புரியல" என்றார்.

குறை: கொசு. ▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬

இப்போது என் கடிதங்களை விலேம் படித்துத் தருகிறார். "எங்கக்கா வாத்தியாரம்மா. தப்போட போனா எம் மானம் போகும்" என்கிறார். அதனால் இந்த முறை உங்களுக்குத் திருத்தும் வேலை இருக்காது. போனும் அவரிடம்தான் இருக்கிறது. மலைமேல்தான் சிக்னல் கிடைக்கும், எனக்கு எதற்கு என்றார். அதுவும் சரிதான்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஓயுன்


பிர்னோ,
செப்டம்பர் 9

அன்புள்ள ஓயுனுக்கு,

ஏதோ ஓடுகிறது. பள்ளி திறந்துவிட்டது, புதிய வகுப்பில் யாரும் வாயைத் திறப்பதில்லை, நான் மட்டும் கத்துகிறேன். தொண்டை போய்விட்டது. நீ நலமா?

உன் கடிதத்தில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பே இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாத்தியாரம்மா என்ன செய்வாள்? சிவப்புப் பேனா காய்ந்து கிடக்கிறது. விலேம், நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும், அதனால் உனக்கே சொல்கிறேன்: மாணவியின் தாளில் கை வைக்காதே. தப்புச் செய்யாமல் யாரும் மொழி கற்றதில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் நிறுத்துவதும் நல்ல விளையாட்டில்லை. அப்பா உன்னிடம் அதை விளையாடியபோது நீ எப்படி அழுதாய் என்று எனக்கு நினைவிருக்கிறது.

ஓயுன், கொசுவுக்குப் பிறகு ஒரு வரி முழுக்க மை பூசியிருந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. குறை மூன்று கேட்டேன், நீ ஒன்றுதான் கொடுத்திருக்கிறாய். அடுத்த கடிதத்தில் பிடித்தது எதுவும் வேண்டாம். குறை மட்டும் எழுது. பெரியதாக, வயிற்றெரிச்சலோடு, செக் நாட்டுக்காரி மாதிரி. அதுதான் இந்த முறை பாடம்.

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளி உடுத்திக்கொள்.

அன்புடன்,
லிபுஷே


யெட்லினா,
அக்டோபர் 18

அன்புள்ள லிபுஷே அண்ணிக்கு,

நலம். நலமா?

என் கையெழுத்துக் கோணலாக இருக்கும். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. கிணற்றடியில் வழுக்கிவிட்டது. கட்டு வெள்ளையாக இருக்கிறது. கண்ணுக்குப் பிடிக்கிறது.

குறை எழுதச் சொன்னீர்கள். வீடு முழுக்கத் தேடினேன். குறை எதுவும் கிடைக்கவில்லை.

காளான் ருசியாக இருக்கிறது. தினமும் சாப்பிடுகிறேன். எனக்குக் காளான் மிகவும் பிடிக்கும். காடு அழகாக இருக்கிறது. மரங்கள் அருகே இருப்பது பிடிக்கும். கதவு மூடியிருப்பது பிடிக்கும், சூடு வெளியே போகாது. வீட்டுக்குள் இருப்பது பிடிக்கும். காத்திருப்பது பிடிக்கும். விலேம் வீட்டுக்கு வரும்போது எனக்குச் சந்தோஷம். விலேமுக்கும் சந்தோஷம். எல்லாருக்கும் சந்தோஷம்.

செம் ராடா. செம் ராடா.

ஆடுமாடுகள் எல்லாம் நலமாக இருக்கின்றன. ஓநாய் வரவில்லை.

ஓயுன்


யெட்லினா,
நவம்பர் 8

அக்கா,

நலம்தானே? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. விறகு போதுமான அளவு இருக்கிறது.

ஓயுன் பதில் எழுதவில்லையே என்று நீ மூன்று அட்டை போட்டிருந்தாய். அவளுக்குக் கை இன்னும் சரியாகவில்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாள். அவளே எழுதியிருக்கிறாள், நீயும் படித்தாய். அப்படி இருக்கிறவளைக் குறை எழுது, குறை எழுது என்று ஏன் நச்சரிக்கிறாய்? ராட்கா விஷயத்திலும் நீ இப்படித்தான் நடுவில் வந்தாய். அது எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரியும். நான் மறக்கவில்லை.

தேர்வு அவளுக்குத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டோம். அவளுடைய பாஸ்போர்ட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீ இங்கே வர வேண்டாம். வந்தால் அவள் கலங்கிப்போவாள்.

நல்ல விஷயமாக எழுதுவதென்றால் எழுது. நான் அவளுக்குப் படித்துக்காட்டுகிறேன்.

இந்த ஆண்டும் டிசம்பர் பண்டிகையில் புனித மிகுலாஷ் வேஷத்துக்கு ஊரார் என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பதில் வேறு யார் போட்டாலும் பிள்ளைகள் அழுகின்றன என்கிறார்கள். தாடியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

விலேம்


பிர்னோ,
நவம்பர் 22

அன்புள்ள ஓயுனுக்கு,

நலம். மிக நலம். உன் நலத்தைத் தம்பி எழுதியிருந்தான். மகிழ்ச்சி.

என் முழங்கால் நன்றாக இருக்கிறது. மாடிவீட்டுக்காரர் அக்கார்டியன் வாசிக்கிறார், கேட்கக் கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் சத்தமாக வாசிக்கக் கூடாதா என்று இருக்கிறது. மழை எனக்குப் பிடிக்கும். வகுப்பு பிடிக்கும். எனக்கு ஒரு குறையும் இல்லை, ஓயுன். உனக்கு இல்லாதது போலவே.

இந்த முறை பாடம், சின்ன வயதில் பிடித்தவற்றைச் சொல்வது. நான் எழுதுகிறேன், நீ கேட்டுக் கற்றுக்கொள்.

சின்ன வயதில் எனக்கு டிசம்பர் ஐந்தாம் தேதி மாலை மிகவும் பிடிக்கும். அன்று புனித மிகுலாஷ் வெள்ளைத் தாடியோடும் நீளக் கோலோடும் வீடு வீடாக வருவார். கூடவே தேவதையும் பிசாசுகளும் வரும். நல்ல பிள்ளைக்கு வால்நட் கிடைக்கும், கெட்ட பிள்ளையைப் பிசாசு சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடும். எங்கள் ஊரில் மிகுலாஷ் மேலத்தெருவில் தொடங்குவார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பை குடித்தே ஆக வேண்டும், அதனால் வீடு திரும்ப நேரமாகும்.

நான் அப்போது உருளைக்கிழங்கு நிலவறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அது பிடிக்கும். கம்பளிச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு உட்கார்வேன். தோட்டத்துப் பக்கம் பிசாசுகளின் மணிச்சத்தம் கேட்கும். ஒரு வருஷம் ஒரு பிசாசு சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஆடுமாடெல்லாம் கொழுத்திருக்கா?" என்று கேட்டது. நான் சிரித்துவிட்டேன். அது நல்ல பிசாசு. அதன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதன் சாக்கைக் கண்டு எனக்குப் பயமே இல்லை.

மனம் குளிர்ந்த நாள் அது. செம் ராடா.

விலேம், படித்துக்காட்டியதற்கு நன்றி. தாடி நன்றாகக் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
லிபுஷே


(ஊர் எழுதவில்லை)
டிசம்பர் 13

அன்புள்ள லிபுஷே அண்ணிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். முதலில் என் குறைகளைக் கேளுங்கள்.

ராட்கா குறட்டை விடுகிறாள். சுவர் அதிர்கிறது. அவள் அவித்த மாவுருண்டையை வைத்து ஒரு ஓநாயைக் கொல்லலாம். அவள் குளியலறையில் சிகரெட் பிடிக்கிறாள். ஹீட்டர் கடகடவென்று சத்தம் போடுகிறது. கீழே டிராம் ஓடுகிறது. படுக்கை குட்டை, என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை, அண்ணி. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா!

உங்கள் கடிதத்தை விலேம் சமையலறையில் வைத்துச் சத்தமாகப் படித்தார். "ஒருவழியா எங்கக்காவுக்குப் புத்தி வந்துச்சு" என்றார். அக்கார்டியன் பிடிக்கும் என்ற வரி வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதை முகத்தில் காட்டாமல் காளானை மென்றுகொண்டிருந்தேன்.

ஐந்தாம் தேதி பொழுது சாய்ந்ததும் அவர் தாடி கட்டி, தொப்பி வைத்து, கோலை எடுத்துக்கொண்டு, வெளியே பூட்டிவிட்டுப் போனார். நான் நிலவறைக்கு இறங்கினேன். கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தேன். மணிச்சத்தம் கேட்டது. ஜன்னலில் இரண்டு கொம்பு தெரிந்தது. "ஆடுமாடெல்லாம் கொழுத்திருக்கா?" என்று கரகரத்த குரல் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்தக் குரல் உடனே, "அழுகாச்சியெல்லாம் கார்ல வச்சுக்கலாம். மொதல்ல ஜன்னல் கொக்கியத் தூக்கு. இடது பக்கம் தட்டு. எனக்குத் தெரியாத கொக்கியா? நானும் இதே ஓட்டை வழியாத்தான் போனேன்" என்றது. அதுதான் ராட்கா, எனக்கு முன்னால் விலேமோடு அந்த வீட்டில் இருந்தவள், சிவப்புச் செருப்புக்காரி. அவள் செத்துவிட்டாள் என்றே நான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன்.

எனக்கும் ஒரு வேஷம் கொண்டுவந்திருந்தாள். மயிர்க்கோட்டு, கொம்பு, கரி பூசிய துணி முகமூடி. கார் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. தெருவழியாக நடக்க வேண்டியிருந்தது. ஊரெல்லாம் பிசாசுகள்தானே, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்தில் அவர் எதிரே வந்தார். வெள்ளைத் தாடி, தங்க நிறத் தொப்பி. பின்னாலே பிள்ளைகள். குடித்திருந்தார். எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏய் பிசாசுகளா, நீங்க எந்தூரு? நம்ம கணக்குல இல்லையே" என்றார். ராட்கா மணியை ஆட்டிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக உறுமினாள். பிள்ளைகள் வீறிட்டன. அவர் சிரித்தார். பைக்குள் கைவிட்டு, என் கையைப் பிடித்து விரித்து ஒரு வால்நட் வைத்தார். கட்டுப்போட்டிருந்த கை. கையுறைக்கு மேலே அவர் விரல் அழுத்தியது. வலித்தது. நான் சத்தம் போடவில்லை. "சொன்ன பேச்சக் கேட்டு நடக்கணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் கீழத்தெருப் பக்கம் போனார்.

காரில் ஏறினோம். வால்நட்டை ராட்கா ஜன்னல் வழியாக வீசிவிட்டாள். "அவன் குடுத்த எதையும் வச்சுக்காதே" என்றாள்.

இங்கே பெண்களுக்கு உதவுகிற ஒரு அலுவலகம் இருக்கிறது. புதிய பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கை ஒடிந்து, சரியாகச் சேராமல் இருக்கிறதாம். மறுபடி ஒடித்துச் சேர்ப்பார்களாம். இது பெரிய குறை. தேர்வுக்கு இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

ஆகஸ்டில் மை பூசிய வரி என்ன என்று ராட்கா கேட்டாள். "அண்ணி, என்னை வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான்.

பூனைக்கு என் அன்பு. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். இந்தக் காத்திருப்பு பிடித்திருக்கிறது.

உங்கள் ஓயுன்


பிர்னோ,
டிசம்பர் 20

அன்புள்ள ஓயுனுக்கு,

முழங்கால் கொல்கிறது. பூனை சோபாவைக் கிழித்துவிட்டது. அக்கார்டியன்காரனுக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, பாட்டு ஏழாகிவிட்டது. நான்தான் எழுதுகிறேன் என்று இப்போது நம்புகிறாயா? உன் கடிதத்தைப் படித்து ஒரு பாடு அழுதேன். ராட்காவின் உருண்டை அப்படித்தான் இருக்கும், தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடு.

நேற்று விலேம் வந்தான். அழைப்பு மணி அடிக்கவில்லை. கதவைத் திறந்தபோது படியில் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தான் என்று தெரியாது. காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான். சூப் கேட்டான். கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.

"நல்லாருக்குக்கா" என்றான். "அம்மா வச்ச மாதிரியே இருக்கு."

"ஓயுன் எங்கடா?" என்று நானே கேட்டேன். அவனுக்கு முன்னால் நான் கேட்டுவிட வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். "ஒனக்கு அக்கார்டியன் எப்பக்கா புடிக்க ஆரம்பிச்சுது?" என்றான். அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுக்காரன் வாசிக்கத் தொடங்கினான். நாங்கள் இருவரும் முழுப் பாட்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

போகும்போது, "அவ ஒனக்கு எழுதுவா. எழுதாம இருக்கமாட்டா. எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றான். அவன் போன பிறகு பார்த்தேன், ஆணியில் தொங்கிய தபால்பெட்டிச் சாவியைக் காணோம். உன் கடிதம் அதற்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. அடுப்பில் போட்டுவிட்டேன். உறையில் ஊர் முத்திரை இருந்தது, அதைத்தான் முதலில் போட்டேன்.

போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பூட்டை மாற்றினேன். அவன் என் தம்பி, அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், அவன் காத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தை வேறு ஊரில் தபாலில் போடச் சொல்லி என் மாணவி ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே. ராட்காவும் எழுதக் கூடாது. தேர்வு எழுதித் தேறு. தேறியதையும் எனக்குச் சொல்லாதே.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். என்றைக்காவது என் கையெழுத்தில், நலம், எல்லாம் நன்றாக இருக்கிறது, மகிழ்ச்சி, புறப்பட்டு வா என்று ஒரு கடிதம் வந்தால், அதில் ஒரு குறைகூட இல்லாமல் இருந்தால், வராதே. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

கையைப் பார்த்துக்கொள். வானம் தெரிகிற ஜன்னலாகப் பார்த்து உட்கார்.

இத்தனை வருஷமும் காலையில் எழுந்ததும் தபால்பெட்டியைத் திறந்து, ஒன்றும் இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு படியேறுகிறவள் நான். இனி அது காலியாக இருக்கிற ஒவ்வொரு நாளும் எனக்குச் சந்தோஷம், ஓயுன். செம் ராடா.

லிபுஷே